சொந்தக் கணினியை மட்டும் பார்த்துக்கொள்பவர் சிஸ்டம் அட்மினா?

கருந்திரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரு வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். ‘சிஸ்டம் நிர்வாக அனுபவம், ஆண்டுகளில்’ என்று ஒரு கட்டம். 7 என்று போட்டேன், அழித்தேன், மறுபடி போட்டேன், மறுபடி அழித்தேன். இரண்டு நாளாகக் கட்டம் காலியாகவே கிடக்கிறது.

7 வருடமாக என் கணினியில் லினக்ஸ்தான். யாரும் வந்து நிறுவித் தரவில்லை. டிஸ்க்கைப் பிரித்து என்கிரிப்ட் செய்தது, ஃபயர்வால் விதிகள் எழுதியது, ராத்திரி 2 மணிக்குத் தானாக ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட், வாரா வாரம் அப்டேட், எல்லாம் நானே. ஒருமுறை கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) அப்டேட் முடிந்து ரீபூட் செய்தால் திரை கறுப்பாக நின்றது. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. லைவ் யூஎஸ்பி (டிஸ்க் இல்லாமலே லினக்ஸை ஏற்றும் பென்டிரைவ்) போட்டு உள்ளே போய், கணினியே எழுதி வைக்கும் பதிவான லாகைப் படித்து, கிராபிக்ஸ் டிரைவர் புதிய கெர்னலுக்கு பில்ட் ஆகவே இல்லை என்று கண்டுபிடித்து, பழைய கெர்னலில் ஏறி டிரைவரை மறுபடி பில்ட் செய்து முடித்தபோது விடிந்துவிட்டது. அந்த ராத்திரி நான் செய்த வேலைக்கு என்ன பெயர்?

நண்பர் ஒருவரிடம் கேட்டேன். “சொந்த வண்டியை ஓட்டுகிறவர் ஓட்டுநர் வேலை பார்த்ததாகச் சொல்வாரா?” என்றார். எனக்கு அது ஒப்பவில்லை, ஆனால் பதிலும் வரவில்லை. இங்கே இந்த வேலையில் இருப்பவர்கள் பலர். மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

---

வேர்க்கணக்கு

தயங்காமல் 7 என்று போடுங்கள். வண்டி உவமையே தவறு. ஓட்டுநர் இன்ஜினைப் பிரிப்பதில்லை. நீங்கள் பிரித்துச் சேர்த்திருக்கிறீர்கள்.

நிர்வாகி என்ற பெயர் சம்பளத்தோடு வருவதில்லை, அதிகாரத்தோடு வருகிறது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் பயனர் எண் 0, அதாவது ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கு, யாருடைய கையில் இருக்கிறதோ அவர்தான் நிர்வாகி. கணினிக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது. விண்டோஸிலும் நாம் முதலில் உருவாக்கும் கணக்குக்கு நிர்வாகி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ரூட்டின் அதிகாரத்தோடு ஒரு வேலையைச் செய்யவைக்கும் சுடோ கட்டளையை முதல்முறை அடித்தால் திரையில் வருமே ஓர் அறிவுரை, அது வீட்டில் இருப்பவருக்கும் அலுவலகத்தில் இருப்பவருக்கும் ஒரே வாசகம்தான்.

---

இரவுப்பணி

வேர்க்கணக்கு, அந்த அறிவுரையை முழுசாகப் படித்திருக்கிறீர்களா? நீங்கள் சொல்லவருவதற்கு நேர் எதிராக அல்லவா அது இருக்கிறது!

சுடோவை 1980 வாக்கில் எழுதியவர்கள் பாப் காகஷால், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இரண்டு பேர், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில். ஒரே வாக்ஸ் இயந்திரத்தைப் பலர் பங்குபோட்டுக்கொண்ட காலம். பிற்பாடு சுடோவில் வந்து சேர்ந்த அந்த வாசகம் இப்படித் தொடங்கும்: உங்கள் இடத்து சிஸ்டம் அட்மினிடமிருந்து வழக்கமான அறிவுரையைக் கேட்டிருப்பீர்கள் என்று நம்புகிறோம். அப்புறம் மூன்று வரி. பிறருடைய அந்தரங்கத்தை மதி. தட்டுவதற்கு முன் யோசி. பெரிய அதிகாரத்தோடு பெரிய பொறுப்பும் வருகிறது.

முதல் வரியே பிறரைப் பற்றியது. தனி ஒருவர் மட்டும் உட்காரும் கணினியில் அந்த வரிக்கு வேலையே இல்லை. சுடோ அனுமதி இல்லாதவர் அதை முயன்றால் ‘இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும்’ என்று பழைய பதிப்புகளில் வரும். யாரிடம்? ரூட்டிடம். அந்தப் புகாரைத் திறந்து படித்து, இன்னொரு மனிதரிடம் போய் “என்ன வேண்டியிருந்தது உங்களுக்கு?” என்று கேட்க வேண்டியவர்தான் அட்மின்.

15 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கருந்திரை, உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் சரிசெய்த டிரைவர் பிரச்சினையில் திணறும் சக ஊழியர்கள் எனக்கே இருக்கிறார்கள். ஆனால் என் நாளில் கணினியோடு நேருக்கு நேர் கழிவது பாதிகூட இல்லை. ரீபூட் செய்ய நேரம் கேட்பது, மூன்று துறைகளும் ஒத்துக்கொள்ளும் நேரத்தைக் கண்டுபிடிப்பது, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுவது, அவர் எழுதி வைத்த ஸ்கிரிப்ட் அவர் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது என்று மறுநாள் தெரியவருவது, செய்ததை எழுதிவைப்பது. பாதி வேலை எழுத்து வேலைதான்.

2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரையை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட அந்தத் தீம்பொருளை, எடுத்துக்கொள்ளுங்கள். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம். வீட்டில் இருந்த நீங்கள் அன்று ராத்திரியே போட்டிருப்பீர்கள். ஓர் அலுவலகத்தில், பத்து வருடப் பழைய மென்பொருள் ஒன்று பேட்சுக்குப் பிறகு எழுந்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்க இன்னொரு இயந்திரம் வேண்டும், எழுந்திருக்காவிட்டால் யாருடைய வேலை நிற்கும் என்று தெரிய வேண்டும், நிறுத்துவதற்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாமதத்தை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தத் தாமதத்தோடு மல்லுக்கு நிற்பதுதான் இந்த வேலை என்கிறேன்.

2024 ஜூலை 19-உம் அப்படித்தான். கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் கோளாறான ஓர் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. தீர்வு என்னவோ எளிது: சேஃப் மோடில் ஏறி ஒரு கோப்பை அழித்துவிட்டு ரீபூட் செய்ய வேண்டும். ஒரு கணினி என்றால் பத்து நிமிடம். ஆனால் டிஸ்க்கை விண்டோஸின் என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் ஒவ்வொரு கணினிக்கும் 48 இலக்கச் சாவி வேண்டும். அந்தச் சாவிகள் எங்கே இருக்கின்றன, அவை இருக்கும் சர்வரே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வைத்தவர்கள் அன்று சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அந்த யோசனை தனிக் கணினியில் யாருக்கும் வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். தொலைவில் இருக்கும் சர்வரில் ஃபயர்வால் விதியை மாற்றுவதற்கு முன், பத்து நிமிடத்தில் பழைய விதி தானாகத் திரும்புகிற மாதிரி ஒரு வேலையை ஓடவிட்டுத்தான் கை வைப்பேன். தவறான விதியைப் போட்டு, சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்துபோனால், பத்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் போதும், கதவு திறந்துவிடும். வீட்டில் யாரும் இதைப் பழகுவதில்லை. கீபோர்டு பக்கத்திலேயே இருக்கிறதே.

கருந்திரை, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் கணினியை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா?

---

மூன்றாம்பிரதி

இரவுப்பணி அண்ணா சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு வருத்தம் இருக்கிறது. சொந்தக் கணினியைப் பார்த்துக்கொள்பவர்கள் என்றாலே பொழுதுபோக்குக்காரர்கள் என்று ஒதுக்குவது பரவலாக நடக்கிறது.

பேக்கப்புக்கு எல்லோரும் சொல்லும் 3-2-1 விதி இருக்கிறதே: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். அதைப் பரப்பியவர் பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர். தன் படங்கள் தொலைந்துபோகக் கூடாது என்ற கவலையில் யோசித்தவர். இன்று பெரிய டேட்டா சென்டர்களிலும் அந்த விதியைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மறுபக்கம், 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களை வைத்துக்கொள்ளும் தளமான கிட்லேபில் நடந்தது. களைத்துப்போன பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து விதமான பேக்கப், பிரதியெடுப்பு ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் ஐந்தில் ஒன்றும் நம்பும்படி இல்லை. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேராமல் நிராகரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஆறு மணி நேரம் முன்பு வேறு காரணத்துக்காக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பிரதி) இருந்ததால் பிழைத்தார்கள். இதை ஒளிக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள், அதற்காக எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை. நான் கேட்பது இதுதான்: தன் பேக்கப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு டிஸ்க்கில் திரும்ப எடுத்துப் பார்க்கிற வீட்டுக்காரர் எந்த விதத்தில் குறைந்தவர்?

---

இரவுப்பணி

எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை தம்பி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்கிறீர்கள் என்றால் நான் பார்த்த பல இடங்களைவிட நீங்கள் மேல்.

---

நூலகக்கணினி

சம்பளம் இல்லாமல் ஒரு சிறிய நூலகத்தின் 6 கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன் பல வருடம் என்னுடையது ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

ஒரு பழைய டிஸ்க்கில், டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையின் 197-ஆம் வரி, அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போனது. அடுத்த வாரமே போய்விடும் என்று தெரிந்தது. மூடும் நேரத்தில் தரவைப் புதிய டிஸ்க்குக்கு மாற்றி, பழையதைக் கழற்றி எடுத்துவிட்டேன். கணினி ஏறும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய டிஸ்க்கின் வரியை மட்டும் நீக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை புத்தகம் பதியும் மேசைக் கணினியைப் போட்டார்கள். திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமும் ஓட, டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது, 1 நிமிடம் 30 நொடி என்று எண்ணிக்கொண்டே போனது. 90 நொடி முடிந்ததும் எமர்ஜென்சி மோட். ரூட் கடவுச்சொல்லைக் கொடு என்று கேட்டது. இதே பிழை என் வீட்டில் இரண்டு முறை நடந்திருக்கிறது. கணினி அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் விட, அதற்கு முன்னால் ஒரு # போட்டுவிட்டு ரீபூட் செய்தால் வேலை முடிந்தது, மூன்று நிமிடம்கூட ஆகாது. அன்றும் மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கும். ஆனால் முதுகுக்குப் பின்னால் எட்டுப் பேர் கையில் புத்தகத்தோடு நின்றார்கள். ஒரு பெரியவர், “அம்மா, பஸ்ஸுக்கு நேரமாகுது” என்றார். என் விரல் இரண்டு முறை கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தது.

அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். எந்தக் கணினியில் எந்தத் தேதியில் எதைத் தொட்டேன், எப்படித் திரும்புவது என்று எழுத ஆரம்பித்தேன். வெளி டிஸ்க்குகளின் வரியில் இப்போதெல்லாம் ‘நோஃபெயில்’ (அந்த டிஸ்க் இல்லாவிட்டாலும் நிற்காமல் ஏறு) போடாமல் விடுவதில்லை. வீட்டுக் கணினிக்காக அத்தனை வருடத்தில் ஒரு பக்கம்கூட நான் எழுதியதில்லை.

ஆகவே எத்தனை கணினி என்பது கணக்கே இல்லை. ஒன்று போதும், அதற்கு முன்னால் இன்னொருவர் காத்திருந்தால்.

---

வேர்க்கணக்கு

நெகிழ்ந்து படித்தேன். ஆனால் பிறர் இருந்தால்தான் அக்கறை வரும் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் எப்படி வெளிவந்தது? ஆன்ட்ரெஸ் ஃப்ரோயண்ட் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை எழுதுபவர்களில் ஒருவர். தன் டெபியன் (லினக்ஸில் ஒரு வகை) இயந்திரத்தில் வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுத்தது, சிபியுவும் தேவையில்லாமல் ஏறியது. அரை நொடி! நானாக இருந்தால் விட்டிருப்பேன். அவர் விடவில்லை. நூல் பிடித்துப் போய், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சாதாரண மென்பொருள் லைப்ரரிக்குள் யாரோ இரண்டு வருடத்துக்கு மேல் திட்டமிட்டு நுழைத்த பின்கதவைக் கண்டுபிடித்தார். மார்ச் 29 அன்று ஊருக்கே சொன்னார். தன் இயந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்று அணுஅணுவாகத் தெரிந்த ஒருவர் எத்தனையோ சர்வர்களைக் காப்பாற்றியிருக்கிறார். தன் கணினியைத் தானே பார்த்துக்கொள்கிற பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

---

இரவுப்பணி

வேண்டாம். அந்த மனிதரை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

அன்று புனித வெள்ளி. விடுமுறை. அவருடைய கடிதம் வந்த பிறகு, 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகள் எங்கே எங்கே இருக்கின்றன என்று தேடிக்கொண்டு உலகம் முழுக்க எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள். நானும் ஒருவன். எங்களிடம் எதிலும் இல்லை. ‘இல்லை’ என்ற அந்த ஒரு சொல்லை உறுதியாகச் சொல்ல எனக்கு நான்கு மணி நேரம் ஆனது, ஏனென்றால் பட்டியலில் இல்லாத இயந்திரங்கள் இரண்டு இருந்தன. கண்டுபிடித்தது அவர். ‘எங்களிடம் இருக்கிறதா?’ என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். இரண்டும் தேவைப்பட்டது, இரண்டுக்கும் ஒரே பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

யூஸ்நிக்ஸ், லோப்சா போன்ற அமைப்புகள் வெளியிட்ட சிஸ்டம் அட்மின்களின் நெறிமுறையைத் தேடிப் படியுங்கள். அந்தரங்கம், தகவல் சொல்லுதல், நேர்மை, சட்டத்தையும் விதிகளையும் அறிந்திருத்தல் என்றுதான் தலைப்புகள் போகும்.

---

கேள்வித்தாள்

நேர்காணல் நடத்துகிற பக்கத்திலிருந்து வருகிறேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

‘7 வருட சிஸ்டம் அட்மின்’ என்று எழுதியிருந்தால் என் முதல் கேள்வி: கடைசியாக ரீபூட் செய்ய யாரிடம் அனுமதி கேட்டீர்கள்? இரண்டாவது: நீங்கள் இரண்டு வாரம் இல்லாவிட்டால் உங்கள் வேலையை யார், எதைப் பார்த்துச் செய்வார்? இந்த இரண்டிலும் தடுமாறினால் மற்ற 7 வருடத்தையும் நான் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அது அவருக்குச் செய்யும் அநியாயம், தெரிந்தும் அப்படித்தான் ஆகிவிடுகிறது.

அதே ஆள் ‘சொந்தக் கணினி, 7 வருடம், என்கிரிப்ட் செய்த டிஸ்க், தானியங்கி பேக்கப், கெர்னல் கோளாறை லாக் படித்துச் சரிசெய்தது’ என்று உள்ளபடி எழுதியிருந்தால், “அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றுதான் தொடங்குவேன். கருந்திரை இங்கே எழுதிய பத்தியை நேரில் சொன்னாலே நேர்காணலில் பாதி முடிந்தது. நான் தேர்ந்தெடுத்தவர்களில் நன்றாக வந்த பலர் வீட்டில் கற்றவர்கள்தான். மற்றதை மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். லாகைப் பொறுமையாகப் படிக்கும் குணத்தைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது.

---

கருந்திரை

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி அண்ணா, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தேன். காரணம் இருக்கிறது.

ஆம், இன்னொருவர் பயன்படுத்துகிறார். என் தங்கைக்கு அதில் ஒரு கணக்கு இருக்கிறது, இரண்டு வருடமாக. ஆய்வேட்டை அதில்தான் எழுதுகிறாள். ‘7 வருடமாக என் கணினி’ என்று எழுதும்போது அவள் எனக்கு நினைவுக்கே வரவில்லை. அவளுக்கு எப்போதாவது முன்கூட்டிச் சொல்லி ரீபூட் செய்திருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை. “மூடிவிட்டு எழுந்திரு, அப்டேட் போடணும்” என்பதோடு சரி. அவளுடைய கோப்புகளை பேக்கப்பிலிருந்து ஒருமுறையாவது திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறேனா? அதுவும் இல்லை.

நேற்று ராத்திரி ஒரு காலி டிஸ்க்கைப் போட்டு அவள் கணக்கை முழுசாக மீட்டேன். 3 மணி 40 நிமிடம் ஆனது. ஆய்வேடு, படங்கள், பிடிஎஃப்கள் எல்லாம் வந்துவிட்டன. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “எது குறைகிறது பார்” என்றேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, “என் குறிப்புகள் எங்கே?” என்றாள். அவள் நூல்களிலிருந்து குறிப்பெடுக்கும் மென்பொருள், எல்லாவற்றையும் புள்ளியில் தொடங்கும் ஒரு மறை கோப்புறையில் வைக்கிறது. பிரவுசர் கேஷ் டிஸ்க்கை நிரப்புகிறது என்று மறை கோப்புறைகள் அத்தனையையும் பேக்கப்பிலிருந்து விலக்கி வைத்தது நான்தான், நான்கு வருடம் முன்பு, எனக்காக மட்டும். “எல்லாம் பேக்கப்ல இருக்குன்னுதானே சொன்னே?” என்று கேட்டாள். இருக்கிறது என்று இரண்டு வருடமாகச் சொல்லியிருக்கிறேன்.

அவளுடைய அசல் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன, ஒன்றும் தொலையவில்லை. விலக்குப் பட்டியலில் கேஷ் கோப்புறையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டேன். மறுபடி பேக்கப் ஓட்டி, மறுபடி மீட்டு, குறிப்புகள் திறக்கின்றனவா என்று அவளையே பார்க்கச் சொன்னேன். 412 குறிப்பும் வந்தன.

---

நூலகக்கணினி

நோட்டுப் புத்தகம் போட்டாச்சா?

---

கருந்திரை

போட்டுவிட்டேன் அக்கா. நேற்றைய தேதியில் முதல் பக்கம், விலக்குப் பட்டியல் மாற்றம்.

விண்ணப்பத்தில் ஆண்டுக் கட்டத்தில் 0 போட்டேன். கீழே ‘பிற விவரங்கள்’ பகுதியில் ‘சொந்தக் கணினி 1, பயனர்கள் 2, 7 வருடம்’ என்று தொடங்கி, கேள்வித்தாள் சொன்னபடி செய்ததை எல்லாம் எழுதி அனுப்பிவிட்டேன்.

அப்டேட், ரீபூட் இனி சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு என்று ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். சனிக்கிழமை ராத்திரிதான் தனக்கு எழுத வரும், ஞாயிறு காலைக்கு மாற்ற முடியுமா என்று தங்கை கேட்டாள். மாற்றி ஒட்டியிருக்கிறேன்.